போதும் என்று சொல்லத் தெரியாத நாய்

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து வயது ஆண் லேப்ரடார் இருக்கிறது. தீவன மூட்டை எடை போடும் தராசில் நிறுத்திப் பார்த்தோம், 44 கிலோ இருக்கிறது. ஒரு மாதமாக எழுந்திருக்கும்போது பின்னங்கால் இடறுகிறது. கால்நடை மருத்துவர் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார். மாமியார் சம்மதிக்கவில்லை. வாயில்லா ஜீவன் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இல்லை என்று சொல்வது பாவம் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: ஆண் லேப்ரடார் இருக்க வேண்டிய எடை 29 முதல் 36 கிலோ. பெண் என்றால் 25 முதல் 32 கிலோ. இந்த நாய் குறைந்தது எட்டு கிலோவைக் கூடுதலாகச் சுமக்கிறது. எட்டு லிட்டர் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் நடமாடுவதற்குச் சமம் இது. பின்னங்கால் இடறுவதில் ஆச்சரியம் இல்லை. மருத்துவர் சொன்னது சரியான வைத்தியம். மாமியார் கேட்பதும் நியாயமான கேள்விதான். நாய் பசியோடு நிற்கும்போது மறுப்பது எப்படி? அதற்குப் பதில் சொல்ல இந்த நாய் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கிருந்து வந்தது?

பெயர் லேப்ரடார் என்றாலும் இதன் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு வாழ்ந்தவை. வலையை இழுத்து வருவது, தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்வி வருவது இவற்றின் வேலை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, சுட்டு வீழ்த்திய பறவையைச் சேதம் இல்லாமல் தூக்கி வரும் வேட்டைத் துணையாக வளர்க்கப்பட்டன. 1903-இல் அங்குள்ள கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. தண்ணீர் உள்ளே இறங்காத இரட்டை அடுக்கு ரோமம், விரல்களுக்கு இடையே சவ்வு, அடி தடித்த வால் ஆகிய மூன்றும் குளிர்ந்த கடலில் நீந்திய நாயின் அடையாளங்கள்.

குணமும் அந்த வேலையிலிருந்து வந்ததுதான். மனிதனோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும், அவன் சொல்வதைக் கேட்க வேண்டும், கவ்வியதைக் கடிக்காமல் கையில் கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார்கள். அதனால் லேப்ரடார் பொதுவாக மனிதர்களை விரும்பும், குழந்தைகளிடம் பொறுமையாக இருக்கும், சுலபமாகப் பழகும். தனிமை மட்டும் தாங்காது. தோட்டத்தில் ஒரு மூலையில் பகல் முழுவதும் சங்கிலியில் கிடந்தால் ஓயாமல் குரைக்கும், மண்ணைத் தோண்டும், கிடைத்ததைக் கடித்துக் குதறும். அது திமிர் அல்ல, ஆள் துணை இல்லாத ஏக்கம்.

பசி ஏன் அடங்குவதில்லை?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் இதற்கு ஒரு காரணத்தை வெளியிட்டார்கள். வயிறு நிறைந்தது என்ற செய்தியை மூளைக்குச் சொல்வதில் பங்குள்ள ஒரு மரபணு உண்டு. அவர்கள் சோதித்த லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு அந்த மரபணுவின் ஒரு துண்டு விடுபட்டிருந்தது. அப்படிப்பட்ட நாய்கள் மற்றவற்றைவிட எடை கூடுதலாக இருந்தன, உணவுக்காக அதிகம் கெஞ்சின.

அதாவது, தட்டைப் பார்த்து நிற்கும் லேப்ரடாருக்கு உண்மையில் உடம்புக்குத் தேவையான உணவு ஏற்கெனவே கிடைத்திருக்கலாம். கிடைத்துவிட்டது என்பது அதற்குத் தெரிவதில்லை. மாடு வயிறு நிரம்பினால் படுத்து அசை போடும். லேப்ரடார் அடுத்த தட்டைத் தேடும். ஆகவே இந்த நாய்க்கு அளவு பார்ப்பது வளர்ப்பவர் வேலை.

குறைத்துக் கொடுப்பது பாவமா என்பதற்கும் தெளிவான பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை ஒரே ஈற்றில் பிறந்த இரண்டிரண்டாகப் பிரித்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் குறைவாக இன்னொன்றுக்குக் கொடுத்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. கூடுதலாகச் சாப்பிட்ட நாய்களில் பாதி 11.2 வயதுக்குள் இறந்துவிட்டன. குறைவாகச் சாப்பிட்டவற்றில் பாதி 13 வயதையும் தாண்டின. மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆயுள், தட்டில் கால் பங்கைக் குறைத்ததால் கிடைத்தது.

எவ்வளவு கொடுக்கலாம்?

30 கிலோ எடையுள்ள, ஓரளவு ஓடியாடும் வளர்ந்த லேப்ரடாருக்கு ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 கலோரி போதும். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி இருக்கிறது. ஒரு கிலோ சோறு போட்டாலே 1,300 ஆகிவிடும். அதில் புரதமோ மிகக் குறைவு. அதன் மேல் பால், பிஸ்கட், முறுக்கு, ஆளுக்கொரு துண்டு தோசை என்று சேர்ந்தால் 44 கிலோ தானாக வரும். கருத்தடை அறுவை சிகிச்சை செய்த நாய்க்கு உணவுத் தேவை இன்னும் குறைவு. ஆனால் பசி குறையாது.

இந்த நாயை முதலில் 34 கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு நாளொன்றுக்கு சுமார் 1,000 கலோரி கொடுக்கலாம். 300 கிராம் சோறு, எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி 250 கிராம், ஒரு அவித்த முட்டை, வேகவைத்த சுரைக்காய், பீன்ஸ், பூசணி போன்ற காய் 200 கிராம். இது ஏறக்குறைய அந்தக் கணக்குக்குள் வரும். காலை, மாலை இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். உப்பு, காரம், எண்ணெய் வேண்டாம். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு கூடவே கூடாது. அவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட் ஆகியவையும் விஷம்தான். வீட்டுச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்தும் வேறு சில சத்துகளும் குறையும் என்பதால் எந்தச் சத்து மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். கடையில் விற்கும் உலர் தீவனம் கொடுப்பவர்கள் பையில் உள்ள அளவை, நாய் இருக்க வேண்டிய எடைக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இப்போதுள்ள எடைக்குப் பார்க்கக் கூடாது.

ஒரே நாளில் பாதியாகக் குறைக்க வேண்டாம். பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து இந்த அளவுக்கு வரலாம். வாரத்துக்கு அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ வரை இறங்கினால் போதும். நான்கைந்து மாதம் ஆகும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதே தராசில் நிறுத்தி எழுதி வைக்க வேண்டும். உணவைக் குறைத்தும் எடை இறங்கவில்லை என்றால் தைராய்டு குறைபாடு இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

தராசு இல்லாத வீட்டில் கையே போதும். கையை விரித்து வைத்துக்கொண்டு மறு கையால் புறங்கையைத் தடவினால் எலும்பு இலேசாகத் தட்டுப்படும். நாயின் விலாவும் அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. மூடிய கையின் முட்டி போலத் துருத்தினால் மெலிவு. உள்ளங்கை போல மெத்தென்று இருந்தால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும்.

அளவுப் பாத்திரம் மாமியார் கையிலேயே இருக்கட்டும். காலையிலேயே நாள் முழுவதற்குமான உணவை அளந்து தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டு, நாய் கேட்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு கை எடுத்துக் கொடுக்கலாம். அது தீர்ந்தால் வெள்ளரித் துண்டு, கேரட் துண்டு கொடுக்கலாம். கொடுக்கும் சந்தோஷமும் குறையாது, நாயின் எடையும் கூடாது. மற்றவர்கள் தனித்தனியாக எதுவும் போடக் கூடாது என்ற ஒரே விதியை மட்டும் வீட்டில் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டும்.

காலுக்கு என்ன செய்வது?

லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கிண்ணம் சரியாகப் பொருந்தாத கோளாறு பரம்பரையாக வருவதுண்டு. எடை கூடினால் அது விரைவில் வெளியே தெரியும். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. வழுவழுப்பான டைல்ஸ் தரையில் கால் சறுக்கும். மாட்டுக் கொட்டகைக்கு வாங்கும் ரப்பர் விரிப்பில் ஒரு துண்டு, அல்லது மடித்த சாக்கு போட்டுப் படுக்கவிட வேண்டும். மாடிப்படி ஏற்றுவது, டெம்போவிலிருந்து குதிக்க விடுவது கூடாது. காலை, மாலை இருபது நிமிடம் மெதுவான நடை போதும். ஏறி இறங்க வசதியான தொட்டி இருந்தால் நீந்த விடலாம். மூட்டில் பாரம் விழாத நல்ல பயிற்சி அது. நீந்தியபின் காதைத் துடைத்து உலர்த்த வேண்டும். தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும். படியில்லாத கிணற்றுப் பக்கம் விடக் கூடாது. தண்ணீரைக் கண்டால் குதித்துவிடும், ஏறி வர வழி இருக்காது.

வலி என்று மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால், டைக்ளோபினாக், இபுபுரூஃபன் ஆகியவை நாயின் கல்லீரல், குடல், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவர் எழுதித் தருவதை மட்டும் கொடுக்க வேண்டும்.

தோட்டத்தில் கவனம்

எதையும் விழுங்கும் நாய் விவசாய வீட்டில் இருந்தால், எடையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு, பொரியிலும் கருவாட்டிலும் எண்ணெயோடு கலந்து வைக்கப்படுகிறது. எலிக்கு மணப்பது லேப்ரடாருக்கும் மணக்கும். புரோமடியோலோன் கட்டியைத் தின்ற நாய்க்கு அன்று ஒன்றும் தெரியாது. மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் இரத்தக் கசிவு தொடங்கும். விஷம் வைப்பவர்கள் எலி மட்டும் நுழையக்கூடிய குழாய்க்குள் வைத்து, காலையில் மிச்சத்தை எண்ணி எடுத்துப் புதைக்க வேண்டும். செத்த எலிகளையும் புதைக்க வேண்டும்.

ஆமணக்குப் புண்ணாக்கும் எலும்புத்தூளும் கலந்து வைத்த உரம் நாய்க்குத் தின்பண்டம் போலத் தோன்றும். ஆமணக்குப் புண்ணாக்கில் உள்ள ரிசின் கடும் விஷம். மூட்டையைக் கட்டி உயரத்தில் வைக்க வேண்டும். செடிக்கு இட்டதும் மண் மூடிவிட வேண்டும். மருந்து கலந்த விதை, குருணை மருந்து, தெளிப்பான் கழுவிய தண்ணீர் எதுவும் நாய்க்கு எட்டக் கூடாது. மக்காச்சோளக் கட்டையும் மாங்கொட்டையும் விஷம் இல்லை என்றாலும் குடலை அடைக்கும். அறுவை சிகிச்சை வரை போக நேரிடும்.

வாயில் நுரை, நடுக்கம், தொடர் வாந்தி, தள்ளாட்டம் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் உப்புத் தண்ணீர், எண்ணெய் என்று வீட்டு வைத்தியம் செய்து நேரத்தைக் கடத்தக் கூடாது. தின்ற மருந்தின் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். துத்தநாக பாஸ்பைடு வயிற்றில் நச்சு வாயுவாக மாறும் என்பதால், நாய் வாந்தி எடுக்கும் இடத்தில் குனிந்து நிற்காமல் கதவு, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

ஆடு வெட்டும்போது கழிக்கும் ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்கு வீசும் பழக்கமும் நிற்க வேண்டும. அதிலுள்ள நீர்க்கட்டி மூலம் நாடாப்புழு நாய்க்கு வந்து, நாயின் சாணத்திலிருந்து முட்டைகள் குழந்தைகளுக்கும் பரவும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு மருந்து கொடுப்பது நாய்க்கும் வீட்டுக்கும் பாதுகாப்பு.

வெயில், உண்ணி, தடுப்பூசி

குளிர்நாட்டு ரோமத்தோடு பங்குனி, சித்திரை வெயிலைத் தாங்குவது கடினம். நாய்க்கு வியர்ப்பது மிகக் குறைவு, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். கொழுத்த நாய்க்கு அதுவும் சரியாக நடக்காது. நடையை காலை ஏழு மணிக்கு முன்பும் பொழுது சாய்ந்த பின்பும் வைத்துக்கொள்ள வேண்டும். தகரக் கொட்டகைக்குள் கட்டக் கூடாது. மர நிழலும் எப்போதும் குடிதண்ணீரும் வேண்டும். விடாமல் இரைத்து, எச்சில் ஒழுகி, கால் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, காற்று படச் செய்து, பிறகு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

உண்ணி கடித்தால் இரத்தத்தில் கிருமி ஏறிக் காய்ச்சல் வரும். ஈறு வெளுக்கும், சில நேரம் மூக்கில் இரத்தம் வரும். லேப்ரடார் ஒரு வேளை சாப்பாட்டை ஒதுக்கினாலே உடம்பு சரியில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நாயின் மேல் மட்டும் மருந்து போட்டால் போதாது. சுவர் வெடிப்பிலும் படுக்கை இடத்திலும் உண்ணி ஒளிந்திருக்கும், அங்கும் சுத்தம் செய்ய வேண்டும். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையோ பயிருக்கு அடிக்கும் மருந்தையோ நாயின் மேல் அளவு தெரியாமல் தடவக் கூடாது.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்க வேண்டும். மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை அதைத் தொடர வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. எலிக்காய்ச்சலுக்கான ஊசியையும் விவசாய வீடுகளில் விடக் கூடாது. வீட்டு நாயே ஆனாலும் குழந்தையைக் கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

இதே பொருளில் வந்த மற்ற கேள்விகள்

கேள்வி: தென்னந்தோப்புக் காவலுக்கு லேப்ரடார் வாங்கலாமா?

பதில்: ஆள் வந்தால் குரைத்துச் சொல்லும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அந்நியர் பிஸ்கட் நீட்டினால் வாலாட்டும் நாய் இது. காவல்தான் முதல் தேவை என்றால் கோம்பை, ராஜபாளையம் போன்ற நம் இனங்களையோ, ஊரிலேயே பிறந்த நாட்டு நாய்க்குட்டியையோ வளர்க்கலாம். வெயிலும் அவற்றுக்குப் பழக்கம். காவல் காக்கவில்லை என்று லேப்ரடாரைச் சாலையில் இறக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த நாய் தெருவில் பிழைக்காது. வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

கேள்வி: கோழிகளைத் துரத்துகிறது. அடித்தும் திருந்தவில்லை.

பதில்: பறவையைக் கவ்வி வருவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம், அதனால் அடி பலன் தராது. பட்டியில் கட்டியபடியே கோழிகளுக்கு அருகில் உட்கார வைத்து, பேசாமல் இருக்கும் ஒவ்வொரு முறையும் அதன் அன்றாட உணவிலிருந்து ஒரு சிறு துண்டு கொடுக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் செய்தால் சில வாரங்களில் கோழியைக் கண்டதும் ஆளைத் திரும்பிப் பார்க்கப் பழகும். அதுவரை கோழி மேயும் நேரத்தில் அவிழ்த்துவிடக் கூடாது.

கேள்வி: 35 நாள் குட்டி விலை குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்க 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளே தடை செய்கின்றன. தாயோடும் கூடப் பிறந்தவையோடும் இருக்கும் அந்த நாட்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. விற்கும் இடத்துக்குப் போய்த் தாயைப் பார்க்க வேண்டும். தாய் நடக்கும்போது இடுப்பு ஆடினாலோ, ஆளைக் கண்டு பயந்து ஒடுங்கினாலோ அந்த ஈற்றில் குட்டி எடுக்க வேண்டாம். குட்டி விலை ஒரு முறை கொடுப்பது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு உணவும் ஊசியும் மருத்துவமும்தான் உண்மையான செலவு.

கேள்வி: மூன்று வயதுப் பேரன் நாயின் மேல் ஏறி விளையாடுகிறான். ஒன்றும் செய்வதில்லை. விடலாமா?

பதில்: ஒன்றும் செய்யாதது நாயின் பொறுமை. அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு. இடுப்பு வலியுள்ள நாய் ஒரு நாள் வலி தாங்காமல் திரும்பலாம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது, மேலே ஏறக் கூடாது என்று பேரனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் சேர்த்து விடக் கூடாது.

நாயைப் பற்றிக் கேள்வி அனுப்புபவர்கள் வயது, எடை, கடைசியாகப் போட்ட தடுப்பூசித் தேதி, ஒரு நாளில் கொடுக்கும் உணவு ஆகிய நான்கையும் எழுதி அனுப்பவும். வீட்டில் ஆளாளுக்குப் போடும் தோசைத் துண்டையும் அந்தக் கணக்கில் சேர்க்கவும்.